எருமப்பட்டியில் இடம் மாறிய ஏழு கலயங்கள்

புதுச்சத்திரத்துக்கு அரை மைல் முன்னால் பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பின்பக்கம் போனார். அங்கே ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு பொருத்தியிருந்தது. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பெட்ரோல் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில்தான் பஸ்களை ஓட்டினார்கள். கண்டக்டர் நீளக் கம்பியால் அடுப்பைக் கிளறினார். கைப்பிடியைச் சுழற்றிக் காற்று ஊதினார். கரி நன்றாகக் கனன்றது, பஸ் அசையவில்லை. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும் என்றார்.

நான் தள்ளுவதற்குப் பிடித்த இடம் அடுப்புக்குப் பக்கத்து இடம். பஸ் உறுமிக் கிளம்பியபோது வெளியே வந்த கரிப்புகை முழுவதும் என்மேல்தான். கடல் கடந்து மடிப்புக் கலையாமல் கொண்டுவந்த வெள்ளை வேட்டியும் சட்டையும் ஒரே நிமிஷத்தில் கொல்லன் பட்டறையில் கிடந்தவை போல ஆகிவிட்டன.

எனக்குப் பக்கத்தில் இளம்பிள்ளையிலிருந்து சேலை மூட்டையோடு வந்த வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். துடைத்துக்கொள்ளத் தன் துண்டைக் கொடுத்தார். நன்றி சொன்னேன். என் யாழ்ப்பாணத்துத் தமிழைக் கேட்டதும் அவர் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, தங்களுக்கு மலையாளமுங்களா?"

சிலோன் என்றேன். உடனே அங்கே நூல் தாராளமாகக் கிடைக்கிறதா என்று கேட்டார். கட்டுப்பாட்டில் நூல் வருவதால் அவர் ஊரில் பாதி நாள் தறி சும்மா கிடக்கிறதாம். நூலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மண்ணுக்குள் இருக்கும் பழைய தாழிகளைப் படம் வரையக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். அவர் விடவில்லை. "தாழி உங்கூர்ல இல்லீங்களா?" என்றார்.

இருந்தது. சங்கடமே அதுதான். எங்கள் தீவின் வடமேற்கே காடு வெட்டப் போனவர்களுக்கு ஓர் இடத்தில் பெரிய மண் தாழிகள் அகப்பட்டன. உள்ளே எலும்புகள், சுற்றிலும் சிறு கலயங்கள். அவர்கள் கலயங்களை எல்லாம் எடுத்து, நன்றாகக் கழுவித் துடைத்து, வைக்கோல் சுற்றி, நான் படம் வரைபவனாக வேலை பார்த்த நூதனசாலைக்கு, அதாவது அருங்காட்சியகத்துக்கு, அனுப்பிவைத்தார்கள். அழகான கலயங்கள். ஆனால் எது எங்கே இருந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. 'பழைய கலயம்' என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாமல் நின்றோம். அந்தச் சமயத்தில்தான், எருமப்பட்டிப் பக்கத்தில் ராகவன் என்ற ஆய்வாளர் அதே மாதிரியான ஈமக்குழி ஒன்றைத் திறக்கப்போகிறார் என்று தெரிந்தது. போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வா என்று என் மேலதிகாரி அனுப்பினார்.

நாமக்கல்லில் பஸ் மாறி எருமப்பட்டி வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. குழி இருந்த காட்டுக்குச் சொந்தக்காரரான செல்லப்பக் கவுண்டர் மாட்டுவண்டியோடு வந்து காத்திருந்தார். அங்கே காடு என்றால் மரம் அடர்ந்த இடமல்ல. மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம். வழி முழுவதும் என் கரிக்கோலத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அண்டா நிறைய வெந்நீரும் ஒரு சோப்புக்கட்டியும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கு அரிசிச்சோறு போட்டார்கள். அதன் அருமை எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அரிசிக்கு ரேஷன். அந்த வீட்டில் எல்லோரும் கம்பஞ்சோறும் ராகிக் களியும்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விசேஷத்துக்கென்று எடுத்து வைத்திருந்ததில் எனக்கு ஆக்கியிருக்கிறார்கள். மறுநாள் நானும் கம்பஞ்சோறே சாப்பிடுகிறேன் என்று வற்புறுத்தினேன். கவுண்டரின் மனைவி நம்பாமல் ஓர் உருண்டை மட்டும் வைத்தார். கொள்ளை வேகவைத்துக் கடைந்து, அதன்மேல் ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் விட்டார். நான் மூன்று உருண்டை சாப்பிட்டேன். எங்கள் ஊரில் எதைச் சமைத்தாலும் தேங்காய்ப்பால் வேண்டும். அந்த வீட்டில் ஒரு தேங்காய்கூட உடைக்காமல் இத்தனை ருசி வந்தது எப்படி என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சேலத்து மாம்பழம் ஒன்று வந்தது. எங்கள் கறுத்தக் கொழும்பானுக்கு ஈடில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே இரண்டாவதையும் எடுத்தேன்.

ராகவன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டு. எல்லோரும் அவரை 'சார்' என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே பழகிக்கொண்டேன். கவுண்டரின் சாளையில், அதாவது காட்டுக்குள் இருந்த ஓலைக் கொட்டகையில், கயிற்றுக் கட்டில் போட்டுத் தங்கியிருந்தார். எனக்கும் ஒரு கட்டில் போட்டார்கள்.

குழியை முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். வட்டமாகச் சில குண்டுக்கற்கள், நடுவே ஒரு பெரிய பலகைக்கல், அவ்வளவுதான். ஊரில் அதைப் பாண்டுக் குழி என்றார்கள். ஏர் ஓட்டும்போது அந்த வட்டத்தை மட்டும் சுற்றிப் போவது கவுண்டரின் தகப்பன் காலத்திலிருந்தே வழக்கமாம். இந்த வருஷம் அங்கே தோண்ட ஒத்துக்கொண்டவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கோடைமழை பெய்தால் ஈரம் காய்வதற்குள் உழுது கடலை போட்டாக வேண்டும். அதற்குள் வேலையை முடித்துக்கொண்டு குழியை மூடிவிட வேண்டும்.

மறுநாள் காலை மூடுகல்லைத் தூக்கினார்கள். கிணற்றில் தோல்பறியால் நீர் இறைக்கும் கவலை வடத்தைக் கவுண்டர் அவிழ்த்துக்கொண்டு வந்தார். கல்லில் கட்டி, இரண்டு ஜோடி எருதுகளைப் பூட்டி, கடப்பாரைக்காரர்கள் நெம்ப, கல் ஒரு சாண் எழுந்தது, இரண்டு சாண் எழுந்தது, பிறகு பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்தது. உள்ளே நான்கு பக்கமும் பலகைக்கல் நிறுத்திய ஒரு சின்ன அறை. கிழக்குப் பலகையில் ஓர் ஆள் தோள்வரை நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. அறை முழுக்க மண்.

அந்த மண்ணை எடுக்க ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளில் கற்றதை என் ஆயுளில் வேறெங்கும் நான் கற்கவில்லை. சார் மண்வெட்டியை அறைக்குள் விடவே இல்லை. கொத்துக்கரண்டி, மூங்கில் குச்சி, ஈச்சமட்டையை நசுக்கிச் செய்த தூரிகை. ஒரு விரல் கனம் மண்ணை எடுத்ததும் நிறுத்தி, நிறத்தைப் பார்ப்பார். தொட்டு விரலிடையில் தேய்ப்பார். எடுத்த மண்ணைச் சலித்துப் பார்க்காமல் கொட்டக்கூடாது. அளவு குறிக்காமல் ஓர் ஓட்டுத்துண்டைக்கூட நகர்த்தக்கூடாது.

கலயத்தைவிட அது இருந்த இடம்தான் தமக்கு முக்கியம் என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். கலயத்தைப் பார்த்தால் அதைச் செய்த குயவனைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அது எதன்மேல், எதற்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் வாய் சாய்ந்து இருந்தது என்று தெரிந்தால், அதை அங்கே கொண்டுவந்து வைத்தவரைப் பற்றித் தெரியும். இடத்தை விட்டு எடுத்த பிறகு அந்த இரண்டாவது ஆளைத் திரும்பவும் கூட்டிவர முடியாது என்றார். கழுவி அனுப்பப்பட்ட எங்கள் காட்டுக் கலயங்களை நினைத்து நான் பலமாகத் தலையை ஆட்டினேன்.

அறைக்குள் இறங்கி வேலை செய்ய இடம் போதாது. ஒல்லியான ஒருவர்தான் குத்துக்காலிட்டு உட்காரலாம். அப்படி உட்கார்ந்தவள் பாவாயி. முப்பது வயதுக்காரி. கவுண்டர் காட்டில் களையெடுப்பவள். கடலைச் செடியின் வேர் அறாமல் களையை மட்டும் பிடுங்கிப் பழகிய விரல்கள் என்று சார் அவளையே கேட்டு வாங்கியிருந்தார். அதிகம் பேசமாட்டாள். ஒரு பானையின் விளிம்பு தெரிந்தால், "இங்கொண்ணு இருக்குதுங்க" என்பாள், அத்தோடு சரி. மதியம் கஞ்சி குடிக்கும்போது மட்டும் என்னிடம் கடலைப் பற்றிக் கேட்பாள். அவள் கேட்டது கடலையல்ல, கடல். கப்பலில் உட்கார்ந்தால் கரை எவ்வளவு நேரத்தில் மறையும் என்று இரண்டுமுறை கேட்டாள்.

ஐந்தாம் நாள் முடிவில் அறையின் நடுவே தாழி தெரிந்தது. அதைச் சுற்றி ஒன்பது கலயங்கள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, தேய்த்து மெருகேற்றிய பளபளப்பு இன்னும் போகவில்லை. எல்லாம் தோள்வரைதான் வெளியே வந்திருந்தன. அடிப்பாகம் மண்ணுக்குள் இருந்தது. சார் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அடியில் பரல் என்ற பொடிக்கல் கலந்த செம்மண் இருக்கிறது, அதன்மேல் சில இடங்களில் மாவு போன்ற சாம்பல்நிற மண் ஒரு விரல் கனம் படிந்திருக்கிறது என்று காட்டினார். செம்மண்ணைப் புதைத்தவர்கள் போட்டார்கள்; சாம்பல் மண்ணைப் பல வருஷத்து மழைநீர் அந்தத் துளை வழியாகக் கொண்டுவந்து சேர்த்தது. கலயங்கள் எல்லாம் செம்மண்மேல் இருந்தால் ஒரே நாளில் வைத்தவை. ஏதாவது ஒன்று சாம்பல் மண்மேல் இருந்தாலும், யாரோ பல வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாளை மறுநாள் அடிமண்ணை வெட்டிப் பார்த்துவிடலாம் என்றார்.

ஆறாம் நாள் காலை அவர் ரேஷன் பெர்மிட் விஷயமாக நாமக்கல் தாலுகா கச்சேரிக்குப் போகவேண்டி வந்தது. என்னைப் படம் வரையச் சொன்னார். தாம் வரும்வரை எதையும் எடுக்கவேண்டாம், மழை வந்தால் ஓலைத்தடுக்கைப் போட்டு மூடி, சுற்றிலும் மண் அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தாழியை வரைந்தேன். இரண்டு கலயங்களை வரைந்தேன். மூன்றாவதை அளக்கும்போது கொல்லிமலைப் பக்கம் கறுத்தது. மலை மறைந்தது. நான் நிமிர்ந்து பார்த்து முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. அந்த மாதிரி மழையை நான் எங்கள் ஊரில் மார்கழியில்கூடப் பார்த்ததில்லை. தடுக்குகளைக் காற்று தூக்கிக்கொண்டு போயிற்று. மேட்டிலிருந்து செந்நீர் ஓடிவந்து அறைக்குள் கொட்டத் தொடங்கியது. அடிமண் கரைந்து கலயங்கள் சரிந்து உடையப்போகின்றன என்று நினைத்தேன். பயத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பாவாயியை இறங்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்து மேலே கொடு என்றேன்.

அவள் உடனே இறங்கவில்லை.

"சார் எடுக்க வேண்டாம்னு சொல்லீட்டுப் போனாருங்க. தடுக்கப் புடிச்சிட்டு வாரேனுங்க, கல்ல வெச்சு அமுக்கிப்போடலாம்."

நேரமில்லை என்று கத்தினேன். அவள் இறங்கினாள். நனைந்த மண்ணுக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றையும் அடியிலிருந்து அசைத்துத் தூக்கிக் கொடுத்தாள். நான் வாங்கி வாங்கிச் சாளைக்குள் கொண்டுபோய் வைக்கோல்மேல் வைத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. வைத்த வரிசை, வாங்கிய வரிசை, எதுவும் என் தலையில் நிற்கவில்லை. கால்மணி நேரத்தில் மழை நின்று வெயிலடித்தது. அறைக்குள் முழங்கால் ஆழம் நீர். சாளைக்குள் ஒன்பது கலயங்கள். என் தாளில் இரண்டு. அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. எங்கள் தீவில் காடு வெட்டப் போனவர்களுக்காவது அவர்கள் செய்வது என்னவென்று தெரியாது. எனக்கு ஐந்து நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் கலயங்களைக் கழுவி வைக்கலாம் என்று செம்பில் தண்ணீர் எடுத்தேன். பாவாயி குறுக்கே வந்து நின்றாள். "சார் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டுமுங்க சாமி" என்றாள். செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். அந்த ஒரு செயலுக்காக அவளுக்கு நான் எத்தனை கடமைப்பட்டிருக்கிறேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மழையில் ஓடை பெருகிப் பஸ் வராததால் சார் மறுநாள் காலைதான் வந்தார். நான் வழியிலேயே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஊருக்குத் திரும்பிப் போய்விடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் அப்படியே ஓடைக்கரைக் கல்லின்மேல் உட்கார்ந்தார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பிறகு தம் பையிலிருந்து அகழ்வுக் குறிப்பேட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"என்ன நடந்ததோ அதை நீங்களே எழுதுங்க. ஒண்ணும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். பிற்பாடு படிக்கிறவனுக்கு எதை நம்பலாம், எதை நம்பக்கூடாதுன்னு தெரியணும். எழுதிட்டு வாங்க, வேலை இருக்கு."

அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்து எழுதினேன். என் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாங்கள் காட்டுக்குப் போனபோது பாவாயி அறையில் தேங்கிய நீரை மொண்டு ஊற்றி முடித்திருந்தாள். வண்டல் மட்டும் இருந்தது. சார் அவளிடம் ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டார். அவள் இருக்கிறது என்றாள். கண்ணால் பார்த்ததா என்றார். மழையில் கண்ணுக்கு என்ன தெரியும், கைதான் பார்த்தது என்றாள்.

சார் அடுத்துச் செய்தது எனக்கு விநோதமாக இருந்தது. நான் வரைந்திருந்த இரண்டும் போக, சாளையில் இருந்த மற்ற ஏழு கலயங்களின் மேலும் துணியைப் போட்டு மூடினார். அவற்றின் அடிப்பக்கத்தை அவளும் பார்க்கக்கூடாது, நாங்களும் பார்க்கக்கூடாது என்றார். அவளை அறைக்குள் இறக்கி, அவரும் நானும் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். எங்கள் முகத்தைப் பார்த்து அவள் பதிலை மாற்றிவிடக்கூடாது என்பதற்காக. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாய் உடைந்த சின்னக் கலயம் துளைக்கு நேரே இருந்தது. அதன் அடியில் பரல் இல்லை, மாவாட்டம் மண். கழுத்து நீண்டது தெற்குப் பலகையை ஒட்டி. அதன் அடியில் பரல் விரலைக் குத்தியது. இப்படி ஏழும்.

பிறகு துணியை எடுத்து, கலயங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம். நான்கின் அடியில் செம்மண்ணும் பரலும் காய்ந்து ஒட்டியிருந்தன. மூன்றின் அடியில் சாம்பல் மண். நான் வரைந்திருந்த இரண்டின் அடியிலும் செம்மண்தான். பாவாயி சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. முந்தின நாள் அவள் தடுக்காவிட்டால் என் செம்புத் தண்ணீர் அந்த மண்ணை எல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

சார் அத்தோடு திருப்தியடையவில்லை. வண்டலைத் தூரிகையால் விலக்கி, கலயங்கள் உட்கார்ந்திருந்த பள்ளங்கள் மிச்சமிருக்கின்றனவா என்று தேட வேண்டும் என்றார். அதற்குப் பொழுது வேண்டும். ஆனால் மழை பெய்துவிட்டது. கவுண்டர் ஏரோடு வந்து வரப்பில் நின்றுகொண்டிருந்தார். சார் அவரிடம் போய் மூன்று நாள் வேண்டுமென்று எப்படிக் கேட்பது என்று தயங்கினார். ஈரம் மூன்று நாள் நிற்காது என்பது அவருக்கும் தெரியும். நான் போய் நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது என்றேன்.

கவுண்டர் காட்டை ஒருமுறை பார்த்தார். காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"நா அந்தக் கடைசியிலிருந்து ஓட்டியாரேனுங்க. ஏரு இங்க வந்து சேர மூணு நாளாகும். அதுவரைக்கும் உங்க வேலயப் பாருங்க சாமி."

அவருடைய காட்டில் மேட்டுப் பக்கம்தான் சீக்கிரம் காயும், அதைத்தான் முதலில் உழவேண்டும், எங்களுக்காகப் பள்ளத்திலிருந்து தொடங்கினார் என்று பாவாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழி இருந்தது மேட்டுப் பக்கம்.

அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை. கவுண்டர் வீட்டிலிருந்து தூக்குப்போணியில் ராகிக் கூழும் மோரும் வந்தன, நின்றுகொண்டே குடித்தோம். வண்டலுக்கு அடியில் பள்ளங்கள் இருந்தன. கலயத்தின் அடிக்குச் சரியாகப் பொருந்தும் வழவழப்பான கிண்ணம் போன்ற பள்ளங்கள். ஐந்து கிடைத்தன. ஐந்தும் பாவாயி சொன்ன இடத்தில். மீதி இரண்டு இடங்களை நீர் அரித்துக்கொண்டு போய்விட்டது. அந்த இரண்டும் இருந்த இடம் எனக்கு இப்போது ஐயமில்லாமல் தெரியும் என்று நினைத்து அவற்றையும் முழுக்கோட்டில் வரைந்தேன். சார் அழிக்கச் சொன்னார். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும், ஆனால் மண் சாட்சி சொல்லவில்லை, ஆகையால் புள்ளிக்கோடு என்றார். புள்ளிக்கோட்டில் வரைந்தேன்.

சாம்பல் மண்மேல் இருந்த மூன்றின் பள்ளங்களும் கிடைத்த ஐந்தில் அடங்கியிருந்தன. மூன்றும் துளைக்கு உள்ளே, கைக்கு எட்டும் தூரத்தில், பழைய கலயங்களின் இடைவெளியில். மூன்றாம் நாள் மாலை, ஏர் கல்வட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது, சார் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். முதலில் ஒருவரைத் தாழியில் வைத்து, ஆறு கலயங்களையும் வைத்து மூடியிருக்கிறார்கள். பிறகு பல மழைக்காலம் போயிருக்கிறது. அப்புறம் யாரோ வந்திருக்கிறார்கள். மூடுகல்லைத் தூக்கவில்லை. அந்தத் துளை வழியாகக் கையை விட்டு மூன்று கலயங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யார், எதற்கு என்று தெரியாது.

கவுண்டர் மெதுவாகத் தலையை ஆட்டினார். எருதுகள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பாவாயி குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணயும் தட்டி ஒடைக்கலீங்களே" என்றாள்.

சார் அவள் பக்கம் திரும்பினார்.

"உள்ள இருட்டுங்க. கைய உட்டாத் தடவித்தான் வெக்கோணும். முன்னால வெச்சது எங்கெங்க இருக்குதுன்னு தெரிஞ்சவங்களாத்தான் இருக்கோணும். மொத நாளும் அவங்க கூட இருந்திருப்பாங்க."

சார் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். அவள் சொன்னதை எழுதி, பக்கத்தில் 'இருக்கலாம்' என்று சேர்த்து, அதைச் சொன்னது பாவாயி என்று பெயரையும் எழுதினார். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினார். இருபது வருஷமாகக் குழி தோண்டுகிறேன், எனக்கு இது தோன்றவில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் குழியை மூடினோம். மறுநாள் வழக்கம்போலக் கல்வட்டத்தைச் சுற்றி ஏர் ஓடியது. கவுண்டர் ஏர் பிடிக்க, பாவாயி பின்னால் சாலில் கடலை போட்டுக்கொண்டு நடந்தாள். எனக்குப் பத்து மணிக்குப் பஸ். நான் சாலோரமாக அவள்கூடவே நடந்துகொண்டு, அவளில்லாவிட்டால் என் வேலை போயிருக்கும், அதைவிடப் பெரிது அந்த மூன்று கலயங்களும் ஊமையாகிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அவள் நடையை நிறுத்தவில்லை. விதை விழுகிற இடைவெளி மாறவில்லை.

"உங்கூர்த் தாழிக்கும் ஆராச்சும் திரும்ப வந்திருப்பாங்களா சாமி?"

தெரியாது, இனிமேல்தான் பார்க்கவேண்டும் என்றேன்.

"பாத்துப்போட்டு எழுதிப்போடுங்க. கவுண்டர் படிச்சுச் சொல்லுவாரு."

கவுண்டரின் மனைவி வழிக்குக் கம்பு மாவும் வெல்லமும் கட்டிக்கொடுத்தார். சார் பஸ்வரை வந்து, தம் ஈச்சந்தூரிகைகளில் ஒன்றை என் பையில் செருகினார். பஸ் அன்றைக்கும் ஓரிடத்தில் நின்றது. நான் இறங்கித் தள்ளினேன். வேட்டி மறுபடியும் கறுத்தது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. பத்து நாளில் எனக்கு இத்தனை பேர் இத்தனை கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே சேலம் வந்து சேர்ந்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து எங்கள் வடமேற்குக் காட்டில், யாரும் தொடாத தாழி ஒன்றைத் திறக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஐந்து கலயங்கள். ஒவ்வொன்றையும் வரைந்து, அளந்து, பிறகு கையை அடியில் விட்டுத் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன். ஐந்தும் ஒரே மண்மேல் இருந்தன. அன்றைக்கே, விலாசத்தில் செல்லப்பக் கவுண்டர் மேற்பார்வை என்று போட்டு, பாவாயிக்குக் கடிதம் எழுதினேன். இங்கே யாரும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை என்று எழுதினேன்.